செய்ய நினைத்தது செய்யாமலே போகிறதா? எங்கே நழுவுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

மறதி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. படித்தது, நடந்தது, ஒருவரின் பெயர் ஆகியவை எவ்வளவு யோசித்தும் வராமல் போவது ஒன்று. "மாலையில் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்" என்று காலையில் முடிவு செய்து, மாலையில் அந்த எண்ணமே தலைதூக்காமல் போவது இன்னொன்று. இரண்டாவதில் எதுவும் அழிந்துபோகவில்லை. இரவு யாராவது "படிவம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் எந்தப் படிவம், யாரிடம், எத்தனை பிரதி என்று எல்லாம் கடகடவென வந்துவிடும். முதல் வகையில் கேள்வி இருக்கிறது, பதில் வரவில்லை. இரண்டாம் வகையில் பதில் தயாராக இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே மனப்பாடப் பயிற்சி இதற்கு அதிகம் உதவாது. சரியான இடத்தில், சரியான கணத்தில் உங்களைக் கேட்கும் ஒன்றை நிறுத்தி வைக்க வேண்டும். அது ஒரு பொருளாக இருக்கலாம், ஒலியாக இருக்கலாம், கூட இருக்கும் மனிதராகவும் இருக்கலாம். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

தொடங்கும் முன்: ஒரு வாரக் குறிப்பு

ஏழு நாள்களுக்கு, விட்டுப்போன ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதுங்கள். நான்கு விவரம் போதும்: என்ன வேலை, செய்திருக்க வேண்டிய நேரத்தில் எங்கே இருந்தீர்கள், அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது, பிறகு எப்போது, எதைப் பார்த்து ஞாபகம் வந்தது. நான்காவது விவரம்தான் பொன். குளியலறையில் எப்போதும் ஞாபகம் வருகிறது என்றால், அங்கே ஏதோ ஒன்று உங்களைக் கேட்கிறது. அதையே வேலை நடக்க வேண்டிய இடத்துக்கு இடம் மாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

பத்து வரி சேர்ந்ததும் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு அறிகுறிகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அறிகுறி: படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வருகிறது

நாள் முழுக்க ஒரு முறைகூட எழாத எண்ணம், விளக்கை அணைத்ததும் வந்து நிற்கும். காரணம், திட்டத்தில் "என்ன" மட்டும் இருந்தது. "எப்போது, எங்கே" இல்லை. "இன்னைக்கு எப்படியும் பேங்குக்குப் பேசிடணும்" என்பது விருப்பம். அதைத் தூண்டிவிட நாளில் எந்தக் கணமும் ஒதுக்கப்படவில்லை.

தீர்வு, "இது நடந்ததும், இதைச் செய்வேன்" என்ற வடிவில் திட்டத்தை மாற்றி எழுதுவது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் இந்த முறையை விரிவாக எடுத்துரைத்தார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் நோக்கம் வைத்திருந்தவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகச் செய்து முடித்தது தெரிந்தது. ஒரு வாக்கியம் எழுதும் செலவுக்கு இது பெரிய லாபம்.

வாக்கியத்தின் முதல் பாதியில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். அது மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்:

1. அன்று அது நிச்சயம் நடக்குமா? "நேரம் கிடைத்தால்" தேறாது. "மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும்" தேறும்.
2. கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ தட்டுப்படுமா? "கொஞ்சம் ஓய்வானதும்" என்ற கணம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. "நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்ததும்" என்பது தெளிவு.
3. அந்த இடத்திலேயே வேலையைச் செய்ய முடியுமா? வண்டி ஓட்டும்போது வரும் தூண்டல், மேசையில் செய்ய வேண்டிய வேலைக்குப் பயன்படாது.

எழுதியதும் வாய்விட்டு ஒரு முறை சொல்லி, அந்த இடத்தில் அந்த வேலையை உங்கள் கை செய்வதுபோல் சில விநாடி கற்பனை செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று திட்டங்கள் போதும். பத்து எழுதினால் அது வெறும் பட்டியலாகி, பட்டியலைப் பார்க்க நினைவூட்ட இன்னொரு பட்டியல் வேண்டியிருக்கும்.

அறிகுறி: சீட்டு ஒட்டியிருக்கிறது, கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மூன்று வாரமாகத் தொங்கும் மஞ்சள் சீட்டு இப்போது சீட்டே இல்லை, கதவின் நிறம். மாறாமல் இருப்பதை மூளை பின்னணியில் தள்ளிவிடுகிறது. பழைய சீட்டுகள் புதியவற்றையும் சேர்த்து மறைக்கும் என்பதால், வேலை முடிந்த அன்றே சீட்டைக் கிழித்துப் போடுவது அழகுக்காகச் செய்வதில்லை, பராமரிப்பு.

சீட்டைப் பெரிதாக்குவதைவிட விசித்திரமாக்குவது நல்லது. டாட் ராஜர்ஸ், கேத்தரின் மில்க்மன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பணம் செலுத்தும் இடத்தில் ஒரு வேற்றுக்கிரக பொம்மையைப் பார்த்ததும் கூப்பனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிடக் கூடுதலாகக் கூப்பனைப் பயன்படுத்தினார்கள். பொம்மையில் எந்த எழுத்தும் இல்லை. அது அங்கே பொருந்தாத பொருள், அவ்வளவுதான்.

வீட்டில் இதையே செய்யலாம். நாளை எடுத்துப்போக வேண்டிய கோப்பினை மேசையில் வைக்காமல் செருப்பின் மேல் வையுங்கள். எடுக்காமல் வெளியேற முடியாது. பெரிய பொருளாக இருந்தால் கதவுக்குக் குறுக்கே. எடுத்துப்போக முடியாத வேலையாக இருந்தால் (யாரிடமோ ஏதோ கேட்க வேண்டும் என்பதுபோல்), குளியலறைத் துண்டை வரவேற்பறை நாற்காலியில் போடுவது மாதிரி ஏதாவது கோணலாகச் செய்துவிட்டு, "இது ஏன் இங்கே? அவரிடம் கேட்க" என்று ஒரு முறை சொல்லி வையுங்கள். சொல்லாமல் போட்டால், யாராவது அதை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களேகூட.

அறிகுறி: அலாரம் அடிக்கிறது, அணைக்கிறேன், மறந்துவிடுகிறேன்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். பெரும்பாலோர் செய்யும் தவறான திருத்தம், இன்னும் இரண்டு அலாரம் சேர்ப்பது.

அலாரம் ஒலித்த கணத்தில் உங்களுக்கு இரண்டு வேலைகள் வருகின்றன: ஒலியை நிறுத்துவது, நினைத்ததைச் செய்வது. முதலாவது ஒரு விநாடியில் முடிகிறது, நிம்மதியும் தருகிறது. அந்த நிம்மதி இரண்டாவதையும் முடித்ததுபோல் ஏமாற்றுகிறது. நாள்தோறும் முப்பது அறிவிப்புகளை யோசிக்காமல் விரலால் தள்ளிப் பழகியவருக்கு முப்பத்தொன்றாவது மட்டும் வேறாகத் தெரிய நியாயமில்லை.

வரிசையாகச் சரிபாருங்கள்:

நேரம். "மாத்திரை 8:00" என்று வைத்திருக்கிறீர்கள். எட்டு மணிக்கு உண்மையில் எங்கே இருக்கிறீர்கள்? பேருந்தில் என்றால் அந்த அலாரம் நல்ல நேரத்தில் கெட்ட இடத்தில் அடிக்கிறது. மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளி அனுமதித்தால், மாத்திரை டப்பா கைக்கெட்டும் நேரத்துக்கு மாற்றுங்கள்.

பெயர். "மாத்திரை" என்று பெயர் வைக்காதீர்கள். "எழுந்து அலமாரி நீல டப்பாவைத் திற" என்று வையுங்கள். முதல் உடல் அசைவு என்னவோ, அதுதான் அலாரத்தின் பெயர்.

அணைக்கும் விதி. வேலை முடியும்வரை அணைக்கக் கூடாது, ஸ்னூஸ் மட்டும் போடலாம். எரிச்சலூட்டும்தான், எரிச்சலுக்காகத்தான் அது. ஸ்னூஸ் இடைவெளி 5 அல்லது 10 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்றால் அது இன்னொரு மறதிக்கு வழி.

தொலைவு. கருவியை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்தால், அணைக்கப் போகும்போதே வேலைக்கு முன் நிற்பீர்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்த சாதாரண டைமர், சட்டைப் பையில் உள்ள விலையுயர்ந்த கைப்பேசியைவிட இந்த ஒரு விஷயத்தில் மேல்.

எண்ணிக்கை. செயல் எதையும் கேட்காத அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். உங்களை வேலைக்கு எழுப்பும் ஒலி வேறு எதற்கும் ஒலிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: கருவியின் துணையை நாடுவதை மூளையின் தோல்வியாக எண்ண வேண்டாம். நினைத்ததை உரிய கணத்தில் செய்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனைகளில் முதியோர் இளைஞரைவிடப் பின்தங்குவார்கள். ஆனால் அன்றாட வாழ்வில் வைத்துச் சோதித்தால் முதியோரே முந்துவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒழுங்கான நாள்முறையும் குறித்து வைக்கும் பழக்கமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன.

அறிகுறி: ஞாபகம் வந்தது, "ஒரு நிமிஷம், இதை முடிச்சிட்டு" என்றேன், போயிற்று

இது வேறு கோளாறு. தூண்டல் சரியாக வந்தது, எண்ணமும் எழுந்தது, கைதான் தாமதித்தது. கில்ஸ் ஐன்ஸ்டைனும் (இயற்பியல் ஐன்ஸ்டைன் இல்லை, உளவியலாளர்) மார்க் மெக்டேனியலும் நடத்திய சோதனைகளில், எண்ணம் எழுந்தபின் சில விநாடிகள் காத்திருக்க வைத்தாலே, குறிப்பாக முதியோரிடம், வேலை நழுவியது. நிமிடங்கள்கூட வேண்டியதில்லை.

ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை என்றால் இருப்பதை விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். முடியாதென்றால் எண்ணத்தை மனதில் பிடித்துக்கொண்டு நிற்க முயலாமல் உடலில் கட்டுங்கள்: கைக்கடிகாரத்தை மற்றக் கைக்கு மாற்றுங்கள், சம்பந்தப்பட்ட பொருளை எடுத்துக் கையிலேயே வைத்திருங்கள், பேனாவின் மூடியைத் திறந்தே வையுங்கள். வேலை முடிந்தபின்தான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

அறை மாறி வந்ததும் "எதற்கு வந்தேன்?" என்று நிற்பதும் இதன் தம்பிதான். தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், பல நேரம் அங்குள்ள பொருளே நினைவூட்டிவிடும். அடுத்த முறை எழும்போதே "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தால் போதும்.

அறிகுறி: நடுவில் யாரோ கூப்பிட்டார், பாதி வேலை அப்படியே நின்றது

1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் ஒரு பயணிகள் விமானம், மேலெழ உதவும் இறக்கை மடிப்புகளை இறக்காமலே புறப்பட்டு விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்குப் போகும் வழியில் படிக்க வேண்டிய சரிபார்ப்புப் பட்டியல் படிக்கப்படவில்லை என்று விசாரணை கூறியது. அப்படித் தவறினால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கும் மின்சாரம் வரவில்லை. கேட்க வேண்டிய இரண்டுமே அன்று கேட்கவில்லை. விமானிகள் தினமும் செய்கிற வேலை அது. பழகிய வேலையில் ஒவ்வொரு படியும் அடுத்ததை இழுத்து வரும், சங்கிலி அறுந்தால் இழுக்க எதுவும் இருக்காது என்பதுதான் இதில் ஆபத்து.

குறுக்கீடு வரும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டவருக்கு ஒரு விரலைக் காட்டிவிட்டு, "அடுத்து நாலாவது திருகு" என்று அடுத்த படியைச் சொல்லுங்கள் (முடித்த படியைச் சொன்னால் பயனில்லை). பிறகு கருவியை அந்த இடத்தின் மேலேயே விட்டுவிட்டுத் திரும்புங்கள். திரும்பி வந்ததும் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலையாக இருந்தால் ஒரு படி போதாது, பட்டியலின் முதலிலிருந்து.

அறிகுறி: வேலை முடிந்தது, கடைசித் துணுக்கு மட்டும் விட்டுப்போனது

நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கண்ணாடியிலேயே விட்டுவருவது. கோப்பை இணைக்காமல் மின்னஞ்சல் அனுப்புவது. பாத்திரத்தை இறக்கிவிட்டு அடுப்பை எரிய விடுவது. எதற்காகத் தொடங்கினோமோ அது கிடைத்ததும் மனம் அந்த வேலையை மூடிவிடுகிறது, மிச்சம் நிற்கும் படி அநாதையாகிறது. மைக்கேல் பர்ன், சூசன் போவேர் இருவரும் 1997-இல் இதை ஆராய்ந்து, மனதில் வேலைச்சுமை கூடும்போது இந்தப் பிழையும் கூடுவதைக் காட்டினார்கள்.

கவனமாக இருப்பதால் இது தீராது, வரிசையை மாற்றினால் தீரும். பல பணம் தரும் இயந்திரங்கள் முதலில் அட்டையைத் திருப்பித் தந்து, அதை எடுத்தபின் பணத்தைத் தருவது இதனால்தான். அதேபோல் மின்னஞ்சலில் முதலில் கோப்பை இணைத்துவிடுங்கள், பிறகு கடிதத்தை எழுதுங்கள், கடைசியில் முகவரியைப் போடுங்கள். முகவரி இல்லாத கடிதம் தவறிப்போய் அனுப்பப்படாது. அடுப்பை அணைத்தபின்தான் பாத்திரத்தைத் தொடுவது என்று கையைப் பழக்குங்கள். மூலத்தைக் கண்ணாடியில் வைக்கும்போதே அதன் உறையை உங்கள் இடது கையில் வைத்துக்கொண்டால், உறை காலியாக இருப்பது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: "இருபது நிமிஷம் கழிச்சு" என்றால் எப்போதும் நாற்பது ஆகிறது

நிகழ்வு தானாகக் கண்ணில் படும். நேரம் படாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டீஃபன் சீசி, யூரி பிரான்ஃபென்பிரென்னர் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 30 நிமிடம் கழித்து ஒரு வேலையைச் செய்யவேண்டிய 10, 14 வயதுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே எப்போதெல்லாம் கடிகாரம் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். தங்கள் வீட்டில் இருந்த பிள்ளைகளில் பலர் தொடக்கத்தில் அடிக்கடி பார்த்தார்கள், நடுவில் மிகக் குறைவாக, முடிவு நெருங்கும்போது மறுபடி அடிக்கடி. முதலில் தங்கள் உள்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, நடுவில் நிம்மதியாக விளையாடும் உத்தி இது. அந்த நடுப்பகுதி நீளும்போதுதான் நாம் தவறுகிறோம்.

எளிய பதில்: டைமர். அது வேலையிடத்தில் இல்லாமல் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். மேலே அலாரத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிர்தான். ஏனென்றால் இங்கே நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று தெரியாது, வேலை இருக்கும் இடம் தெரியும். டைமர் இல்லையென்றால் நேரத்தை நிகழ்வாக மாற்றுங்கள்: "இந்தச் செய்தித் தொகுப்பு முடிந்ததும்".

அறிகுறி: வழக்கமான வழியிலேயே போய்விடுகிறேன்

வழியில் இறங்கிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் வண்டி நேராக வீட்டு வாசலில் நிற்கிறது. புறப்படும்போது நினைத்துக்கொள்வதால் பயனில்லை. திரும்ப வேண்டிய முனையில் உங்களைக் கேட்க எதுவும் இல்லை, பழக்கம் ஓட்டுகிறது. புத்தகத்தைப் பக்கத்து இருக்கையிலோ கைப்பிடியிலோ, பார்வையில் இடிக்கும்படி வையுங்கள். தடம் காட்டும் செயலியில் அந்த முனையை இடைநிறுத்தமாகச் சேர்த்தால் அதுவே பேசும்.

இதே கோளாறு உயிரைப் பறிக்கும் இடம் ஒன்று உண்டு. தூங்கும் குழந்தையைப் பின்னிருக்கையில் விட்டுவிட்டுப் பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வழக்கமாகக் குழந்தையைக் கொண்டுபோகாதவர் அன்று கொண்டுபோனதும், குழந்தை சத்தமில்லாமல் தூங்கியதும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விவரங்கள். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைப்பை, அடையாள அட்டை, இடது காலணி என்று இல்லாமல் நடக்க முடியாத ஒன்றைக் குழந்தைக்குப் பக்கத்தில் வையுங்கள். குழந்தை வராவிட்டால் உடனே தொலைபேசும்படி காப்பகத்தில் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: செய்தேனா, இல்லையா?

தினமும் செய்யும் வேலையில் இன்றைய நினைவும் நேற்றைய நினைவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். பூட்டு விஷயத்தில் திரும்பி நடக்கும் தொல்லையோடு போகும், மாத்திரையில் இரட்டை அளவாகிவிடும்.

மாத்திரைக்கு ஏழு அறைகள் கொண்ட வார டப்பா. காலை, இரவு என்று இரண்டு வேளை என்றால் 14 அறை. வாரத்தில் ஒரே நாளில், பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாத நேரத்தில் நிரப்புங்கள். சில மருந்துகள் உறையைவிட்டு வெளியே வைக்கக் கூடாதவை, மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஊகத்தில் இன்னொன்றை விழுங்க வேண்டாம். என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், எனவே உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள் அல்லது மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.

பூட்டுக்கு, ஜப்பானிய ரயில்வே ஊழியர்களின் பழக்கத்தைக் கடன் வாங்கலாம். அவர்கள் சிக்னலை விரலால் சுட்டி, நிலையை உரக்கச் சொல்வார்கள். பூட்டைச் சுட்டி "செவ்வாய், பூட்டியாச்சு" என்று சொல்லுங்கள். கிழமையைச் சேர்ப்பது முக்கியம். அதுதான் இன்றைய பூட்டை நேற்றைய பூட்டிலிருந்து பிரிக்கிறது.

அறிகுறி: எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எதுவும் நடப்பதில்லை

ஒரு சோதனை: சரியான கணத்தில், கையில் எல்லாம் தயாராக இருக்கும்போது ஒருவர் நினைவூட்டினால் செய்வீர்களா? "ம்... நாளைக்குப் பார்ப்போம்" என்று தோன்றினால் இது மறதியே இல்லை. வேலை பெரிதாக, தெளிவில்லாமல், அல்லது பிடிக்காததாக இருக்கிறது. நினைவூட்டிகளைச் சேர்க்காதீர்கள், அவற்றைத் தள்ளிவிடும் பழக்கம்தான் வளரும். அதன் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் தனி வேலையாக எழுதுங்கள், அல்லது செய்யப்போவதில்லை என்று அடித்துவிடுங்கள். முடிக்காத வேலை மனதை அரித்துக்கொண்டே இருந்தால், அதற்கு எப்போது, எப்படி என்ற திட்டத்தை எழுதி வைத்தாலே அரிப்பு தணியும் என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு காட்டியது. வேலையை முடிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

எதைச் செய்தும் சரியாகவில்லை என்றால்

தூக்கம் குறைந்த வாரங்களில் இவை எல்லாமே மோசமாகும், அந்த வாரக் குறிப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்துகள், தூக்க மருந்துகள், மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 குறைவு ஆகியவையும் காரணமாகலாம். சிறுவயதிலிருந்தே இப்படி என்றால் கவனக்குறைவுக் கோளாறு (ADHD) இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். நினைவூட்டியபிறகும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நிற்பது, பழகிய வழி தவறுவது, சில மாதங்களில் சட்டென்று மோசமாவது ஆகியவை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஏழு நாள் குறிப்பையும் இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். இரண்டையும் முந்தின இரவே செருப்பின் மேல் வைத்துவிடுங்கள்.